ஐந்தாம் வகுப்புக்கு நாற்பது உப்புப் பொட்டலம்

ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தவர் என்பதால் 'மூணாவது' என்ற பெயர் அவருக்குச் சிறு வயதிலேயே ஒட்டிக்கொண்டது. உடன்பிறந்த நால்வருக்கும் அவரவர் குணத்தைப் பார்த்துப் பட்டப்பெயர் வைத்தார்கள். இவருக்கு மட்டும் வரிசை எண்ணே போதும் என்று விட்டுவிட்டார்கள். அதை அவர் குறையாகக் கருதியதில்லை. "குணம் மாறிடும், நம்பர் மாறாது" என்பார்.

இப்போது நாற்பத்திரண்டு வயதாகும் மூன்றாமவர், பொது மருத்துவமனை ஒன்றின் உணவுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகச் சமையல் பணியில் இருக்கிறார். கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மகள் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு. பள்ளி விடுமுறைக்கு முந்தைய நாள் அந்த மகளின் வகுப்பில் நடந்த விருந்தைப் பற்றி உறவினர்களிடையே இரண்டு மூன்று விதமான கதைகள் உலவுகின்றன. பாத்திரம் கீழே விழுந்து உடைந்தது என்கிறார் ஒருவர். ஆசிரியர் மயங்கி விழுந்தார் என்கிறார் இன்னொருவர். எதுவும் விழவில்லை. நடந்தது இதுதான்.

அதைச் சொல்வதற்கு முன் உணவுக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல்கள் தெருவின் தரைமட்டத்தை ஒட்டி இருப்பதால், உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு வெளியே போகிறவர்களின் செருப்புகளும் சக்கர நாற்காலிகளின் சக்கரங்களும் மட்டுமே கண்ணில் படும். ஒரு வேளைக்கு முந்நூற்று நாற்பது தட்டுகள். இடுப்புயரக் கொப்பரைகள் நான்கு. கிளறுவதற்குப் படகுத் துடுப்பு நீளத்தில் கரண்டிகள். அங்குள்ள விதிகளில் முதலாவது, கொப்பரையில் உப்புப் போடக் கூடாது என்பது. இதய நோயாளிக்குப் போவதும் கால் முறிந்தவருக்குப் போவதும் ஒரே கொப்பரையிலிருந்துதான். ஆகவே உப்பைச் சிறு காகிதப் பொட்டலமாகத் தட்டிலேயே வைத்துவிடுவார்கள். தட்டில் செருகியிருக்கும் அட்டை வெள்ளையென்றால் இரண்டு பொட்டலம், மஞ்சளென்றால் ஒன்று, சிவப்பென்றால் ஒன்றுமில்லை. சமையல் முடிந்ததும் தட்டுகள் உருளைகளின்மேல் வரிசையாக நகர்ந்து வரும். அட்டையின் நிறத்தைப் பார்த்துப் பொட்டலம் வைக்கும் இடத்தில் மூன்றாமவர் நிற்பார். பதினான்கு ஆண்டுகளில் ஒரு சிவப்பு அட்டைத் தட்டிலும் அவர் கையால் உப்பு ஏறியதில்லை. யாராவது வியந்து பேசினால், "அதுக்குத்தானே அங்க நிக்கிறேன்" என்று முடித்துவிடுவார்.

இந்த வேலை அவருடைய நாக்கை மாற்றிவிட்டது. உப்பில்லாததை ருசி பார்த்துப் பார்த்து, அதுவே சரியான ருசி என்று நாக்கு சமாதானமாகிவிட்டது. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் வீட்டுக்கு விருந்தினர் நால்வர் வந்தார்கள். வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு முடித்து, "ரொம்ப லேசா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் படியிறங்கியதும் கணவர் உப்பு ஜாடியைத் தூக்கி மேல் தட்டில், தமக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வைத்தார்.

"இனிமே சமைக்கிறது நீ, உப்புப் போடுறது நான். லிஃப்ட்ல ஒருத்தர் வேலை பார்த்தா இன்னொருத்தர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். அதே மாதிரி வெச்சுக்குவோம்."

"நான் போட்டா என்னவாம்?"

"ஆளுக்கொரு சொம்பு தண்ணி கூட வேணும், அதான்."

அன்று முதல் அந்த வீட்டில் அதுவே முறை. அடுப்பை அணைப்பதற்கு முன் மூன்றாமவர் "உப்பு!" என்று குரல் கொடுப்பார். குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து கணவர் உப்புப் போட்டுவிட்டுப் போவார்.

மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விடுமுறைக்கு முந்தைய நாள் 'பாட்லக்' நடக்கும். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது மூன்றாமவர் பார்லியும் அவித்த காய்கறியும் கலந்து ஒரு பெரிய பாத்திரம் நிறைய அனுப்பினார். உப்பு சரியாகவே இருந்தது, கணவர் போட்டிருந்தார். தோற்றம்தான் காலை வாரிவிட்டது. வெளுத்த பார்லி, சோர்ந்த காரட், மேலே அலங்காரமென்று ஒன்றுமில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "டேய், ஆஸ்பத்திரி சாப்பாடுடா!" என்றான். பிறகு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. பாத்திரம் போன கனத்திலேயே திரும்பியது. மகளுக்கு 'ஆஸ்பத்திரி' என்ற பட்டம் கிடைத்ததுதான் மிச்சம். அது ஒரு வருடம் முழுவதும் அவளோடு பள்ளிக்குப் போய் வந்தது.

இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒரு மாற்றம் செய்தார். ஒரு பெட்டியில் நாடுகளின் பெயர்களைச் சீட்டெழுதிப் போட்டார். யார் கைக்கு எந்த நாடு வருகிறதோ அந்த நாட்டுப் பதார்த்தத்தைக் கொண்டுவர வேண்டும். வீட்டிலேயே செய்திருக்க வேண்டும். இறைச்சி, மீன், முட்டை, கொட்டை வகைகள் கூடாது. பள்ளியில் சூடாக்கித் தர மாட்டார்கள்.

மகள் சீட்டைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தாள்.

"பிரிட்டன் வந்திருக்கு. அம்மா, இப்பவே சொல்லிட்டேன். இந்தத் தடவையும் பாத்திரம் நிறைஞ்சு திரும்பி வந்துச்சுன்னா, லீவு முடிஞ்சதும் நான் அந்த கிளாஸுக்குப் போகமாட்டேன். வேற செக்ஷன்ல சேர்த்துடு."

"வேற செக்ஷன்ல மட்டும் கடைசி பெஞ்சு இருக்காதாடி?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்கப்பா."

"பிரிட்டன்ல என்னம்மா பெருசா? டீ குடிப்பாங்க. ஒரு குடம் டீ போட்டுக் குடுத்தனுப்பு, முடிஞ்சுது."

மகள் சிரிக்கவில்லை. மூன்றாமவர் அவள் முகத்தைப் பார்த்தார். இது விளையாட்டுப் பேச்சு இல்லை என்று தெரிந்தது. சீட்டை எடுத்து மடித்து வேலைக்குப் போகும் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் மாடி வார்டில் ஒரு செவிலியர் இருந்தார். பிரிட்டனில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மறுநாள் கஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக அவர் உணவுக்கூடத்துக்கு வந்தபோது மூன்றாமவர் சீட்டை நீட்டினார். செவிலியர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அக்கா, முதல்ல மீனும் சிப்ஸும்தான் சொல்வாங்க. உங்க சீட்டுல மீனுக்கே தடை."

"யார்க்ஷயர் புட்டிங்னு ஒண்ணு இருக்காமே சிஸ்டர்?"

"முட்டை இல்லாம அது எழும்பவே எழும்பாது. அப்படியே படுத்துக்கும்."

"வெள்ளரிக்காய் வெச்ச சாண்ட்விச்?"

"காலையில வெட்டி மத்தியானம் திறந்தீங்கன்னா ரொட்டி குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கும்."

"அப்ப அவங்க தினமும் என்னதான் சாப்பிடுறாங்க?"

"டப்பா பீன்ஸைச் சூடு பண்ணி டோஸ்ட் மேல ஊத்திப்பாங்க. டியூட்டி முடிஞ்சு வந்தா நானும் அதான் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன்."

அன்று மாலை இதை வீட்டில் சொன்னதும் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டப்பாவைத் திறக்குறது ஒரு சமையலா? அதுக்கு டீக்குடமே தேவலை."

ஸ்கோன் என்ற மாவுப் பலகாரத்தை ஒரு முறை செய்து பார்த்தார்கள். முட்டையில்லாமல் பாலை ஊற்றிப் பிசையலாம் என்று செவிலியர் சொல்லியிருந்தார். வீட்டு ஓவனில் ஒரு தடவைக்கு எட்டுதான் வேகும். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். நான்காவது தடவை வேகும்போது முதல் எட்டும் கல்லாகியிருந்தன. கணவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"நம்ம லிஃப்ட்டுக்கு எதிர் எடை பத்தாம இருக்கு. இதுல ஒரு நூறு செஞ்சு குடு."

மூன்றாமவர் கோபப்படவில்லை. அவருக்கே பல் வலித்தது.

மறுநாள் செவிலியர் தாமாகவே தேடி வந்தார். "அக்கா, நேத்தெல்லாம் யோசிச்சேன். ஷெப்பர்ட்ஸ் பை. கீழ கொத்துக்கறி, மேல மசிச்ச உருளைக்கிழங்கு, ஓவன்ல வெச்சா மேல பொன்னிறமா வரும்."

"கறி கூடாதே."

"பருப்புப் போடலாம். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி கேன்டீன்ல கறி சாப்பிடாதவங்களுக்குப் பருப்பு, காரட், பட்டாணி போட்டுத்தான் பண்ணுவாங்க. வாரத்துல ஒரு நாள். நானே வரிசையில நின்னு வாங்கியிருக்கேன்."

மூன்றாமவர் அதோடு விடவில்லை. "பருப்புப் போட்டா அது அவங்க சாப்பாடுதானா? நாளைக்கு யாராவது கேட்டா என் பொண்ணு முழிக்கக் கூடாது."

"அவங்க ஊர்ல, அவங்க ஆளு சமைச்சு, அவங்களே சாப்பிட்டாங்க. வேற என்னக்கா சான்று வேணும்? முத்திரை குத்தித் தரவா?"

அதற்குப் பிறகே முடிவாயிற்று. செவிலியர் மருந்துச் சீட்டின் பின்புறம் செய்முறையை எழுதித் தந்தார். பருப்பு இவ்வளவு, காரட் இவ்வளவு, தக்காளிச் சாறு இவ்வளவு. கடைசி வரியில், உப்பு தேவைக்கேற்ப. அந்த வரியை மூன்றாமவர் படித்தார். ஆனால் அது தமக்கான வரி அல்ல என்று கண் தாண்டிப் போய்விட்டது. எந்தச் செய்முறையிலும் அந்த வரி கணவருக்குரியது.

விருந்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. பருப்பு வெந்து காய்களோடு சேர்ந்து கெட்டியானதும் "உப்பு!" என்று குரல் எழுந்தது, கணவர் செய்தித்தாளோடு வந்து போட்டுவிட்டுப் போனார். உருளைக்கிழங்கை மசித்தபோதும் ஒரு முறை வந்தார். மகள் முள்கரண்டியால் மேற்பரப்பில் நெடுக்காக வரிகள் கீறினாள். ஓவனிலிருந்து வந்தபோது வரிகளின் முகடுகள் மட்டும் சிவந்து, உழுத வயலை மேலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது. மகள் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"அம்மா, இது ஆஸ்பத்திரி மாதிரியே இல்ல" என்றாள். அந்த வீட்டில் ஒரு வருடத்தில் அவர் சமையலுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டே, "நீ அன்னைக்கு ஸ்கூலுக்கு வரவேண்டாம், சரியா? அப்பாவே கொண்டுவந்து குடுக்கட்டும்" என்றாள். "வந்தாலும் அந்தத் தொப்பியோட வராதே."

மருத்துவமனை உணவுக்கூடத்தில் முடி உதிராமல் இருக்கத் தலையில் வலைத்தொப்பி மாட்டுவார்கள். மூன்றாமவர் சரி என்றார்.

விருந்து நாளன்று ஆறு மணிக்கு அவர் வேலையில் நிற்க வேண்டும். நாலரைக்கே எழுந்து சமையலைத் தொடங்கினார். முந்தின நாள் கணவர் ஒரு அடுக்குமாடியில் நின்றுபோன லிஃப்ட்டோடு பன்னிரண்டு மணி நேரம் போராடிவிட்டு வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனம் வரவில்லை. குரல் கொடுத்தால் எழுந்துவிடுவார் என்று, வழக்கமான அந்த ஒரு சொல்லையும் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. பருப்புக் கலவையை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். சரியாக இருந்தது. மசித்த கிழங்கையும் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. ஐந்து மணிக்கு மகளை மட்டும் எழுப்பினார். அவள் பாதிக் கண்ணைத் திறந்துகொண்டே வரிகளைக் கீறிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள். ஓவனிலிருந்து எடுத்து, மேலே அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றி, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினார்: 'திறக்காதீங்க. பத்து மணிக்கு ஸ்கூல்ல குடுத்துடுங்க.'

கணவர் எட்டு மணிக்கு எழுந்தார், காகிதத்தைப் படித்தார், திறக்கவில்லை, பத்து மணிக்குக் கொடுத்துவிட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்.

பதினொன்றேகால் மணிக்குத் தட்டுகள் நகரத் தொடங்கின. சிவப்பு, வெள்ளை, வெள்ளை, மஞ்சள். மூன்றாமவரின் கை தானாகவே இயங்கியது. நாற்பதாவது தட்டோ ஐம்பதாவது தட்டோ, ஒரு வெள்ளை அட்டை வந்தது. இரண்டு பொட்டலங்களை எடுத்த கை அந்தரத்தில் நின்றது. தட்டு பொட்டலமில்லாமல் தாண்டிப் போயிற்று. பதினான்கு ஆண்டுகளில் அப்படிப் போன முதல் தட்டு அது. பக்கத்தில் நின்றவர் அதை இழுத்து நிறுத்தினார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"ஒரு நிமிஷம் இங்க நில்லுடா தம்பி" என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த தொலைபேசிக்குப் போனார்.

"என்னங்க, அந்த ஷெப்பர்ட்ஸ் பையில உப்புப் போட்டீங்களா?"

"நீதானே திறக்காதேன்னு எழுதி ஒட்டியிருந்தே."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் தூங்கிட்டிருந்தேன்." கணவருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஏம்மா, அப்ப நீயும் போடலையா?"

"நான் என்னைக்குப் போட்டிருக்கேன்?"

"நான் இப்ப ஏழாவது மாடி ஷாஃப்ட்டுக்குள்ள தொங்கிட்டிருக்கேன். இறங்கி வர ஒரு மணி நேரமாவது ஆகும்."

"தொங்குங்க. நான் பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

விருந்து பன்னிரண்டரைக்கு. வரிசை பதினொன்று ஐம்பதுக்கு முடியும். அதன்பின் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. பள்ளி மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளி. வரிசையை முடித்துவிட்டு மூன்றாமவர் ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்க்காரர், ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்தவர், சீட்டில்லாமல் ஒரு குண்டூசியும் தர மாட்டார்.

"அண்ணே, நாற்பது உப்புப் பொட்டலம் வேணும்."

"எந்த வார்டு?"

"வார்டு இல்லண்ணே, என் பொண்ணு கிளாஸ்."

"கிளாஸுக்கெல்லாம் சீட்டுல இடம் கிடையாது தங்கச்சி. வார்டுன்னு இருக்கிற இடத்துல எழுதிக்கோ. எழுதி உணவியலாளர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா."

'வார்டு' என்ற இடத்தில் 'ஐந்தாம் வகுப்பு' என்று எழுதினார். 'நோயாளிகள்' என்ற இடத்தில் முப்பத்திரண்டு. கையெழுத்துப் போட வேண்டிய உணவியலாளர் சீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததை மூன்றாமவர் நாலே வரியில் சொன்னார். "இத்தனை வருஷத்துல நீங்க உப்பு வேணும்னு கேட்டு வர்றது இதுதான் முதல் தடவை" என்று சொல்லிக் கையெழுத்திட்டார் அவர்.

ஸ்டோர்க்காரர் பொட்டலங்களை எண்ணிப் பையில் போட்டார். "நோயாளிங்க நிலைமை எப்படி?"

"இன்னும் அரை மணி நேரத்துல கவலைக்கிடம் ஆயிடும். விடுங்கண்ணே, பஸ் போயிடும்."

ஏப்ரனைக் கழற்றியது நினைவிருக்கிறது என்கிறார். தொப்பியைக் கழற்றாதது பள்ளி வாசலில்கூட நினைவுக்கு வரவில்லை.

வகுப்பறையில் மேசைகளைச் சுவரோரமாகச் சேர்த்துப் போட்டு, ஒவ்வொரு பாத்திரத்தின் முன்பும் ஒரு காகிதக் கொடியை நட்டிருந்தார்கள். விருந்து தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மற்றப் பாத்திரங்களின் அடி தெரியத் தொடங்கியிருந்தது. மகளுடைய பாத்திரத்தில் ஓர் ஓரம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது. மீதி வயல் உழுதபடியே கிடந்தது. அதன் பின்னால் மகள் கையில் கரண்டியோடு நின்றாள். அக்கம்பக்கத்துத் தட்டுகளில் ஒரு வாய் மட்டும் கடித்து ஒதுக்கிய துண்டுகள்.

கடைசி பெஞ்சுப் பையன் வாசலருகே நின்றிருந்தான். "ஆன்ட்டி, பிரிட்டன்ல சாப்பாடே இப்படித்தானாம். சப்புன்னு இருக்குமாம். டீச்சர் சொன்னாங்க." அவன் குரலில் கிண்டல் இல்லை, ஒரு நாட்டின் கதியை நினைத்து வருந்துகிறவனைப்போலச் சொன்னான்.

மூன்றாமவர் நின்ற இடத்திலேயே நின்றார். யாரும் சமைத்தவரைக் குறை சொல்லவில்லை. 'ஆஸ்பத்திரி' என்று யாரும் சொல்லவில்லை. வந்த வழியே திரும்பிவிட்டால் போதும்; பழி கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டின் தலையில் விழுந்துவிடும், அங்கிருந்து யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் வெள்ளை அட்டைத் தட்டு உப்பில்லாமல் போனால் அதைத் திரும்ப அழைத்து உப்பு வைப்பதுதான் அவர் அறிந்த வேலை. மகளிடம் போய்க் குனிந்தார்.

"உப்புப் போடல. அப்பாவை எழுப்பாம விட்டுட்டேன்."

"தெரியும். நான் சாப்பிட்டுப் பார்த்தேன்." மகள் உதடு அசையாமல் பேசினாள். "இவங்க அந்த ஊரு ருசின்னு நினைச்சுக்கிட்டாங்க. விட்டுடும்மா. போயிடு."

"விட்டா பாத்திரம் நிறைஞ்சுதானே வரும்?"

மகள் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள். "அதுல என்ன?"

"உப்பு. நாற்பது பொட்டலம்."

"ஆஸ்பத்திரி பொட்டலமா?"

"அதான் என்கிட்ட இருக்கு."

மகளின் பார்வை அப்போதுதான் அம்மாவின் தலைக்கு ஏறியது. "அய்யோ, தொப்பி!"

மூன்றாமவர் கையை உயர்த்தித் தொட்டுப் பார்த்தார். கழற்றப் போனவரை மகள் தடுத்தாள். "விடு. எல்லாரும் பார்த்துட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று மூன்றாமவருக்குத் தோன்றியது. அவள் அழவில்லை. கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்டினாள்.

"எல்லாரும் கேளுங்க! எங்க அம்மா உப்புப் போட மறந்துட்டாங்க. பிரிட்டன் மேல எந்தத் தப்பும் இல்ல!"

அறை கொல்லென்று சிரித்தது. சிரிப்பில் மகளும் சேர்ந்துகொண்டதால் அது அவளை நோக்கி வர வழியில்லாமல் போயிற்று. கடைசி பெஞ்சுப் பையன்தான் முதலில் வந்தான்.

"ஆஸ்பத்திரி, எனக்கு எத்தனை பொட்டலம்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். மூன்றாமவருக்கு வேலைக் குரல் தானாக வந்தது. "நிறம் சொல்லணும். வெள்ளைன்னா ரெண்டு, மஞ்சள்னா ஒண்ணு, சிவப்புன்னா கிடையாது."

"நான் வெள்ளை!"

"நாக்கை நீட்டு" என்றாள் மகள். பார்த்துவிட்டு, "மஞ்சள். ஒண்ணுதான்" என்றாள்.

"ஏய், இது அநியாயம்!"

"வார்டுல சத்தம் போடக் கூடாது. அடுத்த ஆளு!"

வரிசை உருவாயிற்று. ஒதுக்கிய தட்டுகளும் திரும்பி வந்தன. மகள் நாக்கைப் பார்த்து நிறம் சொன்னாள்; மூன்றாமவர் பொட்டலத்தைப் பிரித்துத் தூவினார். இரண்டு பேர் மட்டும் எத்தனை தூவியும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வேறு நாட்டுக்குப் போனார்கள்.

வரிசையின் கடைசியில் ஆசிரியர் தட்டோடு நின்றார்.

"உங்களுக்கு என்ன நிறம் டீச்சர்?"

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு பிரஷர்ங்க. உப்பே கூடாது. எந்த பாட்லக்லயும் வெறும் தட்டை வெச்சுக்கிட்டு நின்னுட்டுப் போயிடுவேன். இன்னைக்குத்தான் ஒரு துண்டு முழுசா சாப்பிட்டேன். அந்த ருசியிலதான் அவங்க சாப்பாடே லேசா இருக்கும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். இன்னொரு துண்டு வைக்க முடியுமா?"

"சிவப்பு" என்று மூன்றாமவர் மகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். மகள் நாக்கை நீட்டச் சொல்லாமல், பொட்டலப் பையைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஓரத்தில் நன்றாகச் சிவந்திருந்த துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மூன்றாமவர் வேலையில் திரும்பி நின்றிருக்க வேண்டும். ஒன்று இருபதுக்குத்தான் வந்து சேர்ந்தார். அந்த அரை மணி நேரத்தை மறுநாள் கூடுதலாக நின்று ஈடுகட்டினார்.

அன்று மாலை கணவர் கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாத்திரம்?" என்பது. மகள் அதைத் தொட்டியருகே கவிழ்த்து வைத்திருந்தாள். கணவர் நிமிர்த்திப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த கருகல் வட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"லீவு முடிஞ்சு எந்த செக்ஷன்?" என்று கேட்டார்.

"அதே செக்ஷன்தான். அவங்க இன்னும் ஆஸ்பத்திரின்னுதான் கூப்பிடுறாங்க" என்றாள் மகள். "ஆனா அடுத்த வருஷமும் நான்தான் நிறம் சொல்லணுமாம்."

மேல் தட்டிலிருந்த உப்பு ஜாடியைக் கணவர் அன்றே கீழே இறக்கி வைத்தார். மூன்றாமவர் அதை மறுபடி மேலே ஏற்றிவிட்டார். முறை முறைதான், இனி எழுப்பாமல் விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். மறுநாள், மீந்த நான்கு பொட்டலங்களை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தார். ஸ்டோர்க்காரர் சீட்டை எடுத்து, 'நோயாளிகளின் நிலை' என்ற இடம் நிரப்பப்படாமல் இருக்கிறது, அப்படியே கோப்பில் போட முடியாது என்றார். மூன்றாமவர் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டின் நகல் இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் உள்ளது: 'முப்பத்திரண்டு பேரும் நலம். உடனிருந்த ஒருவருக்கு உப்பு கொடுக்கப்படவில்லை.'